பல்லுக்கு ஒரு ப, பஸ்ஸுக்கு ஒரு ப

தமிழில் ப ஒன்றுதான். பல்லுக்கும் அதே ப, பஸ்ஸுக்கும் அதே ப. எங்கே உதட்டை மட்டும் பிரித்தால் போதும், எங்கே தொண்டையையும் சேர்த்து அதிர விட வேண்டும் என்று எழுத்து சொல்லாது. காதால் கேட்டிருந்தால்தான் தெரியும். அவளுக்கோ காதால் கேட்டே இராத வார்த்தைகள் மூட்டை மூட்டையாகத் தெரியும். வம்பெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பழைய பேப்பர் கடையில் காகிதம் பிரிப்பது அவள் வேலை. அம்மா படுக்கையில் விழுந்ததில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அம்மாவைப் பார்த்துக்கொண்டது போக மிச்ச நேரத்துக்கென்று பதினான்கு வயதில் இந்தக் கடைக்கு வந்தாள். அம்மா போன பிறகு முழு நாளும் இங்கேயே ஆயிற்று. தகரக் கூரை போட்ட நீளமான கிடங்கு. வெள்ளைத் தாள் ஒரு குவியல், அச்சடித்த தாள் ஒரு குவியல், அட்டை ஒரு குவியல், வழவழப்பான பத்திரிகைத் தாள் தனி. நோட்டுப் புத்தகம் என்றால் கம்பியைப் பிடுங்க வேண்டும், உறை போட்டதென்றால் உரிக்க வேண்டும். கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் பாட்டுக்குப் படிக்கும். வைத்தியப் பத்திரிகை, சட்டப் புத்தகம், நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிகிற தொடர்கதை, யாரோ யாருக்கோ எழுதிக் கிழித்துப் போட்ட கடிதம், எதுவும் தப்பாது.

"ஏம்மா, பிரிக்கச் சொன்னா படிச்சுக்கிட்டிருக்கியே" என்று முதலாளி ஆரம்பத்தில் திட்டிப் பார்த்தார். பிரிக்கிற வேகம் குறையவில்லை என்று கண்டதும் திட்டுவதை விட்டுவிட்டு ஒரு பேர் வைத்தார். "படிப்பு, அந்த மூட்டையை அவிழ். படிப்பு, தராசை நகர்த்து." சொந்தப் பேர் அத்தோடு போயிற்று.

படிப்பு வாயைத் திறந்தால் கிடங்கே வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கும். பெங்குவினுக்குப் பஸ்ஸின் ப போடுவாள். பியானோவையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவாள். பாக்டீரியாவுக்கு மட்டும் பல். கொரில்லாவுக்குக் கண்ணில் வருகிற க. கம்பீரம் என்பது ஏதோ கம்பியில் செய்த சாமான் போல ஒலிக்கும்.

"ஏய் படிப்பு, அந்தக் கம்பீரத்தை ஒருதரம் சொல்லேன்" என்பார்கள் மூட்டை தூக்குகிற பெண்கள்.

"எதுக்கு?"

"சும்மாதான். காலையிலேருந்து முதுகு வலிக்குது. சிரிச்சா கொஞ்சம் விடும்."

அவளும் சொல்வாள், சேர்ந்து சிரிப்பாள். சிரித்தவர்கள் எது தப்பு என்று சொன்னதில்லை. அவர்களுக்கும் தெரியாது. எங்கேயோ இடிக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். நாளாக நாளாக, மற்றவர்கள் சொல்லிக் கேட்ட வார்த்தைகளை மட்டும் வெளியே விடுவது என்று அவள் பழகிக்கொண்டாள். தெரிந்ததில் முக்கால்வாசி உதட்டைத் தாண்டாமலேயே கிடந்தது.

அவளுக்கு இருபத்தேழு வயதானபோது ஒரு மத்தியானம், கழுத்தில் அளவு நாடா தொங்க ஒரு தையற்காரம்மா பெரிய கட்டு ஒன்றைக் கொண்டுவந்து தொப்பென்று போட்டாள். பின்னாலேயே அவள் தம்பி வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் மடக்குக் கோல். கடை வாசலின் உயரத்தைக் கோலால் தட்டிப் பார்த்துத் தலையைக் குனிந்து நுழைந்தார்.

"வீட்டுல நிக்க இடமில்லம்மா. ஒரு தாளைத் தூக்கிப் போட விடமாட்டான். இன்னைக்குத்தான் மனசு வந்திருக்கு. அவன் மாத்தறதுக்குள்ள எடை போட்டுடுங்க" என்றாள் தையற்காரம்மா.

படிப்பு கட்டை அவிழ்த்தாள். கனமான பழுப்புத் தாள்கள். முன்னும் பின்னும் திருப்பினாள். "ஒண்ணுமே எழுதலையே. புதுத் தாளைப் போயி எதுக்குப் போடறீங்க?"

"எழுதியிருக்குங்க. தடவிப் பாருங்க" என்றார் அந்த மனிதர்.

தடவினாள். மணல் ஒட்டியது போல வரி வரியாகப் புள்ளிகள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இதைப் பற்றி எப்போதோ ஒரு பத்திரிகையில் நாலு பக்கம் படித்திருக்கிறாள். "ஓ, பிரெயில்" என்றாள், பல்லின் ப போட்டு.

அவர் சிரித்தார். ஆனால் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. "அதுக்குப் பல்லோட ப இல்லீங்க. பஸ்ஸோட ப."

அவள் கையில் இருந்த தாள் அப்படியே நின்றது. இத்தனை வருஷத்தில் எது தப்பு என்று எடுத்துச் சொன்ன முதல் ஆள்.

"அப்போ பியானோ?"

"அது பல்லு."

"பெங்குவின்?"

"பல்லு."

"பாக்டீரியா?"

"அதுக்கு பஸ். பல்லுல இருக்கறதுதான், ஆனாலும் பஸ்."

"கேஸ்?"

"எந்தக் கேஸ்? வக்கீல் நடத்தற கேஸுக்குக் கண்ணோட க. அடுப்பு எரியற கேஸுக்கு வேற க."

"ரெண்டுக்கும் ஒரே எழுத்துத்தானே போடறாங்க."

"அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?"

இப்படிப் பதினோரு வார்த்தை கேட்டாள். பன்னிரண்டாவதற்குத் தையற்காரம்மா குறுக்கே வந்தாள். "டேய், கடையில துணி காத்துக்கிட்டிருக்கு. நீ இங்க பள்ளிக்கூடம் நடத்தப் போறியா?"

"கொஞ்சம் இருக்கா. இவங்க ஒரு மூட்டை வச்சிருக்காங்க போல."

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தொலைபேசி அறையில் ஆபரேட்டர். உள்ளே இருக்கிற அறுநூற்றுச் சொச்சம் எண்களும் மனப்பாடம். அந்த அறையை மூடிவிட்டு, தானாகவே பேசுகிற இயந்திரம் ஒன்றை வைக்கப் போகிறார்கள். அதற்குப் பிறகு ஆபரேட்டருக்கு எங்காவது ஒரு மூலையில் ஒரு நாற்காலி கிடைக்கும், செய்ய வேலை கிடைக்காது. தப்பிக்க ஒரே வழி, விசாரணைப் பிரிவின் தலைமைப் பதவி. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். வாய்மொழித் தேர்வு பாக்கி. அதற்கு ஆஸ்பத்திரியின் விதிமுறைப் புத்தகம் தலைகீழாகத் தெரிய வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம், புள்ளியில் கிடைக்காது. படித்துக் காட்டிக்கொண்டிருந்த சித்தி மகன் வேலை கிடைத்து வெளியூர் போய்விட்டான். அக்கா படிப்பாள், ஆனால் அவள் வாயில் எந்நேரமும் குண்டூசி. குண்டூசி இருந்தால் ப வராது. இரண்டு ப-வும் ம ஆகிவிடும்.

"நீங்க படிச்சுக் காட்டினீங்கன்னா, உங்க மூட்டையில இருக்கற எல்லா வார்த்தைக்கும் நான் சத்தம் சொல்றேன்" என்றார் ஆபரேட்டர்.

முதலாளி தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போயிட்டு வா படிப்பு. இங்க சிரிப்புக் காட்டறதுக்கு அது தேவலை."

வேலை முடிந்ததும் நேரே தையற்கடைக்குப் போவாள். முன்னறையில் இரண்டு தையல் மெஷின், துணி வெட்டுகிற நீள மேஜை, கொக்கிகளில் பாதி தைத்த சட்டைகள். மேஜையின் ஒரு முனையில் அவள் விதிப் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். எதிரே ஆபரேட்டர் கோலின் மேல் மோவாயை ஊன்றிக் கேட்பார். ஒரு தரம் கேட்டால் போதும், முழுப் பத்தியையும் திருப்பிச் சொல்வார். நடுவே தப்பு வந்தால் "பஸ்" என்பார், அல்லது "பல்லு" என்பார். அவள் திருத்திக்கொண்டு மேலே போவாள். மெஷினை நிறுத்திவிட்டு அக்கா ஒருநாள் கேட்டாள்: "என்னடா இது, படிக்கறீங்களா, டிக்கெட் கிழிக்கறீங்களா?"

இரண்டு மாதம் இப்படி ஓடியது. அந்த இரண்டு மாதத்தில் அவள் பேசிய வார்த்தைகள், அதற்கு முந்தைய பத்து வருஷத்தில் பேசியதைவிட அதிகம்.

ஒரு விஷயத்தை மட்டும் இருவருமே கவனிக்கவில்லை. விதிப் புத்தகத்தில் அவருக்கும் தெரியாத வார்த்தைகள் இருந்தன. மனிதர்கள் வாயால் சொல்லாத, கோப்புகளிலேயே பிறந்து கோப்புகளிலேயே வாழ்கிற வார்த்தைகள். அவற்றை அவள் எப்படிப் படித்தாளோ அப்படியே அவர் வாங்கிக்கொண்டார். தெரிந்த வார்த்தைக்குத் திருத்தினார், தெரியாததற்கு நம்பினார்.

ஒன்பதாம் அத்தியாயத்தின் தலைப்பு 'தாவாக்கள்'. தகராறு, வழக்கு என்று பொருள். தீபத்தில் வருகிற த போட்டுச் சொல்ல வேண்டும். அவள் தலையில் வருகிற த போட்டுப் படித்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவிலிருந்து ஒருவர் போனில் கூப்பிட்டு, விடுமுறைத் தகராறு பற்றி மேனேஜரிடம் பேச வேண்டும் என்றார். புதிதாகக் கற்ற வார்த்தையைப் போட்டுப் பார்க்க ஆபரேட்டருக்கு ஆசை வந்தது. மேனேஜரின் இணைப்பைக் கொடுத்துச் சொன்னார்: "சார், சலவைப் பிரிவு ஆளுங்க தாவா பண்றாங்க."

"தாவறாங்களா?"

"ஆமா சார், தாவாதான்."

"எத்தனை பேரு?"

"பதினாலு பேரும் சார்."

சலவைப் பிரிவு இருப்பது மொட்டை மாடியில். மேனேஜர் போனைக் கீழே போட்டது மட்டும் ஆபரேட்டருக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். மேனேஜர் செருப்பில்லாமல் வெளியே ஓடினாராம். காவலாளிகள் நாலு பேர் நோயாளிகளின் மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, கட்டடத்தின் அடியில் வரிசையாக விரித்தார்களாம். மாடியில் படுக்கை விரிப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்த பதினாலு பேரும் எட்டிப் பார்த்து, யாரோ பெரிய மனிதர் வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் கை ஆட்டினார்களாம்.

கிடங்கில் இந்தக் கதையை முதலில் கொண்டுவந்தது தையற்காரம்மாதான். அவள் சிரிக்கவில்லை.

"நீ நல்லா இருப்பேம்மா. என் தம்பிக்குக் கண்ணு இல்லன்னாலும் வாய் சுத்தம்னு எல்லாரும் சொல்லுவாங்க. ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்ல. ரெண்டே மாசத்துல அதையும் எடுத்துட்டியே."

படிப்பு கையில் இருந்த நோட்டின் கம்பியைப் பிடுங்காமல் வைத்திருந்தாள். "எனக்குத் தெரியாதுக்கா, அந்த வார்த்தை..."

"அந்த மேனேஜர்தான் நடுவுல உக்காந்து கேள்வி கேக்கப் போறாரு. அது தெரியுமா? அன்னைக்கு இன்னொரு தரம் இப்படிச் சொன்னான்னா, மூலையில ஒரு நாற்காலி. ஆயுசுக்கும் அதுதான்."

"அவரு என்ன சொல்றாரு?"

"அவன் என்ன சொல்லுவான், சிரிக்கிறான். நடந்ததைச் சொல்லச் சொல்லி ஆள் ஆளாக் கேக்கறான்."

"தேர்வுக்கு மூணு வாரம் இருக்குக்கா. என்னால வந்த தப்பை எல்லாம் நானே எடுத்துடறேன். அதுக்கப்புறம் நான் வரல."

தையற்காரம்மா நாடாவைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டி, தானோ அவரோ யார் வாயாலும் கேட்டிராத வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்தாள். நாற்பத்து மூன்று தேறின. அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அவை வருகிற பக்கங்களின் நகலோடு சாப்பாட்டு வேளையில் கிளம்பினாள்.

முதலில் நேராகவே கேட்டாள். மருந்துக் கடைக்காரரிடம் தாளை நீட்டி, "இதுக்குப் பல்லோட ப-வா, பஸ்ஸோட ப-வா?" என்றாள். அவர் தாளைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார். "தூக்கம் வருதாம்மா சரியா?" என்று கேட்டார்.

இது ஆகாது என்று தெரிந்தது. யாரையும் வாய்விட்டுப் படிக்க வைக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது. அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. பாங்கு வரிசையில் இரண்டு பேருக்கு வழிவிட்டுப் பின்னால் நின்று, மூன்றாவது ஆளிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. இதுல என்ன போட்டிருக்கு, கொஞ்சம் சொல்லுங்களேன்."

சொன்ன பிறகு காது சுட்டது. ஆனால் அந்த ஆள் உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விதிப் புத்தகத்தின் பக்கத்தை நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினார். மூன்று வார்த்தைக்கு விடை கிடைத்தது. வெட்கத்தை மடித்து வைத்துவிட்டாள்.

அதன் பிறகு அந்தப் பக்கத்தில் அவளுக்குப் படித்துக் காட்டாதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத் தலைமையாசிரியை படித்தார். பஸ் நடத்துனர் இரண்டு நிறுத்தத்துக்கு நடுவில் படித்தார். "இந்த வயசுல என்னம்மா, முதியோர் பள்ளியில சேந்து படிக்கலாமே" என்று ஒரு கிழவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். கோர்ட்டு வாசலில் தட்டச்சு அடிப்பவர் மட்டும் அவசரக்காரர். கடகடவென்று படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"முழுசாப் படிங்கண்ணே."

"அதான் படிச்சேனே."

"ரெண்டாவது வரியில நாலாவது வார்த்தையை விட்டுட்டீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "படிக்கத் தெரியாதுன்னு சொன்னே?"

"எண்ணத் தெரியும்ணே."

அந்த நாலாவது வார்த்தை 'பாத்தியதை'. ஒன்றின் மேல் ஒருவருக்கு இருக்கிற உரிமை என்று அர்த்தம். மற்ற நாற்பத்திரண்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. இது மட்டும் சாயவில்லை. வக்கீல் ஒருவர் பல்லில் சொன்னார். பக்கத்தில் இருந்த அவர் குமாஸ்தா, "ஐயா, அது..." என்று பஸ்ஸில் திருத்தினார். பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாங்கு அதிகாரி அந்த இடம் வந்ததும் இருமினார். ஓய்வு பெற்ற ஓர் அலுவலர் உண்மையைச் சொல்லிவிட்டார்: "முப்பத்தெட்டு வருஷம் இதை எழுதியிருக்கேன்மா. சொன்னதில்லை."

தேர்வுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தையற்கடைக்குப் போனாள். அக்கா நிமிராமல் மெஷினை ஓட்டினாள், வாயில் குண்டூசி. ஆபரேட்டர் பிரெயில் சட்டத்தில் கனத் தாளைச் செருகி, அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு வார்த்தையாகப் புள்ளி குத்தினார். பின்பக்கமிருந்து குத்திக்கொண்டே போய், தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும்.

"இதுலயாவது ரெண்டு ப உண்டா?" என்று கேட்டாள்.

"புள்ளியிலும் ப ஒண்ணுதாங்க. தமிழ் எங்க போனாலும் அதே பிடிவாதம்."

அவள் அதற்கு வழி கொண்டுவந்திருந்தாள். மேஜை மேல் துணியை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் தாளை வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒவ்வொரு வார்த்தையின் பக்கத்திலும் அழுத்தி ஒரு படம் வரைந்தாள். பல், அல்லது பஸ். கண், அல்லது கேஸ் சிலிண்டர். தலை, அல்லது தீபம். தாளைத் திருப்பி அவர் விரலை அதன் மேல் வைத்தாள்.

அவர் தடவிப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. "பஸ்ஸு. இதோ சக்கரம்." அடுத்ததுக்குப் போனார். "இது என்ன, தக்காளியா?"

"அது தலை."

"யாரு தலை?"

"உங்க தலைதான். மேல போங்க."

கடைசி வரிக்கு வந்தபோது விரல் நின்றது. "பாத்தியதைக்குப் பக்கத்துல ஒண்ணும் இல்லையே."

"அது தெரியல. ஆறு பேர் பல்லு, அஞ்சு பேர் பஸ், ரெண்டு பேர் இருமிட்டாங்க. பொய்யா ஒண்ணை வரைய மனசு வரல."

"கேள்வியில வந்துட்டா?"

"நாப்பத்து மூணுல ஒண்ணு. வராது."

அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்து, வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டைத் தோளில் குத்திக்கொண்டாள். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். "பஸ்ஸுக்குச் சக்கரம் சின்னதா இருக்கு" என்றாள். அக்காவின் கோபம் தீர்ந்தது படிப்புக்கு அப்படித்தான் தெரிந்தது.

வாய்மொழித் தேர்வு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில். கதவு உப்பிப் போயிருந்ததால் முழுதாகச் சாத்த முடியவில்லை. வெளியே மர பெஞ்சில் அக்காவும் அவளும். மடக்குக் கோல் அவள் மடியில் இருந்தது. தாள் அவர் சட்டைப் பையில்.

உள்ளே மூன்று பேர். நடுவில் மேனேஜர். ஒரு பக்கம் கணக்குப் பிரிவு அதிகாரியம்மா, மறுபக்கம் பணியாளர் பிரிவின் இளம் அதிகாரி.

"சலவைப் பிரிவுல எல்லாரும் சௌக்கியமா?" மேனேஜரின் குரல்.

"சௌக்கியம் சார். யாரும் இன்னும் தாவல."

சிரிப்புச் சத்தம். "சரி, தாவான்னா என்னன்னு சொல்லுங்க."

ஆபரேட்டர் சொன்னார். தீபத்தின் த சுடர்விட்டு வந்தது. பெஞ்சில் அவள் கோலை இறுக்கிப் பிடித்திருந்த பிடியைத் தளர்த்தினாள். ஐந்து கேள்வி போயிற்று, ஆறு போயிற்று. ஒவ்வொரு பதிலுக்கு முன்னும் ஒரு சின்ன இடைவெளி. அவர் விரல் சட்டைப் பைக்குள் போய் வருகிறது என்று அவளுக்குப் பார்க்காமலே தெரிந்தது.

"பணியாளர் ஒருவர் இறந்துபோனா, அவருக்குச் சேர வேண்டியதுல யாருக்கு முதல் பாத்தியதை?" என்றார் இளம் அதிகாரி. பஸ்ஸில் சொன்னார்.

"வந்துடுச்சு" என்றாள் அவள்.

"என்ன வந்துடுச்சு?" என்றாள் அக்கா.

"நாப்பத்து மூணாவது."

உள்ளே இடைவெளி நீண்டது. போனில் பேசிப் பழகியவர், எதிராளி எப்படிச் சொன்னாரோ அப்படியே திருப்பிச் சொன்னார்: "முதல் பாத்தியதை மனைவி அல்லது கணவனுக்கு, சார்." அதே பஸ்.

"ஒரு நிமிஷம்" என்றார் அதிகாரியம்மா. "அந்த வார்த்தை அப்படி இல்லை." அவர் பல்லில் சொல்லிக் காட்டினார்.

"இல்லை மேடம், நான் கல்லூரியில படிச்சப்பவே..."

"படிச்சீங்களா, கேட்டீங்களா?"

"சார், நீங்க சொல்லுங்க" என்று இருவரும் மேனேஜர் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நான் அதை உரிமைன்னே சொல்லிடறது" என்றார்.

ஓர் உதவியாளர் வெளியே ஓடி, தடித்த அகராதி ஒன்றோடு திரும்பினார். தாள் புரளும் சத்தம். அகராதியும் அதே ஒற்றைப் ப-வைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்தது.

"நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று மேனேஜர் ஆபரேட்டரைக் கேட்டார்.

"தெரியாது சார். வெளியில விசாரிச்சதுல ஆறு பேர் பல்லு, அஞ்சு பேர் பஸ், ரெண்டு பேர் இருமிட்டாங்க."

என்ன பல், என்ன பஸ் என்று அவர் விளக்க வேண்டியதாயிற்று. தாளை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று பேரும் அதைத் தடவிப் பார்க்கிற சத்தமும், "இது என்ன, தக்காளியா?" என்று அதிகாரியம்மா கேட்பதும் பெஞ்சுவரை வந்தன.

"யாரு விசாரிச்சது?"

"எனக்குப் படிச்சுக் காட்டறவங்க சார். ஒரு வார்த்தையோட சத்தம் தெரிஞ்சுக்க, படிக்கத் தெரியாதுன்னு பொய் சொல்லி ஊர் முழுக்க அலைஞ்சாங்க. வெளியில உக்காந்திருக்காங்க."

கதவிடுக்கில் மூன்று தலைகள் அவளை எட்டிப் பார்த்தன. அவள் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்தாள்.

"இந்த அறையில இன்னைக்குத் தெரியாதுன்னு ஒத்துக்கிட்டது நீங்க ஒருத்தர்தான்" என்று மேனேஜர் உள்ளே திரும்பிச் சொன்னது கேட்டது. "போயிட்டு வாங்க. கடுதாசி வரும்."

எட்டாம் நாள் ஆபரேட்டர் தனியாகக் கிடங்குக்கு வந்தார். வாசலில் தலையைக் குனிந்து நுழைந்து, பிரிக்காத உறை ஒன்றை அவள் பக்கம் நீட்டினார். மூட்டை தூக்குகிற பெண்கள் மூட்டையை இறக்கி வைத்தார்கள். முதலாளி தராசு ஆடுவதை நிறுத்தினார்.

அவள் பிரித்துப் படித்தாள். விசாரணைப் பிரிவின் தலைமைப் பதவிக்கு அவரை நியமித்திருக்கிறார்கள். அடுத்த மாதம் முதல் தேதி பொறுப்பேற்க வேண்டும். அந்தப் பதவிக்குரிய சலுகைகள் அனைத்தையும் பெறும்... அங்கே நிறுத்தினாள்.

"என்ன, நின்னுட்டீங்க?"

"அந்த வார்த்தைதான் வந்திருக்கு."

"எந்த ப போட்டிருக்காங்க?"

"எழுதித்தானே இருக்காங்க. எனக்கு எப்படித் தெரியும்."

அவர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சிரித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "நீங்க வேற, தேர்வு முடிஞ்சா வரமாட்டேன்னு அக்காகிட்டச் சொல்லியிருக்கீங்களாம்."

"சொன்னேன்."

"இனிமே எனக்கு வர்ற கடுதாசியை முதல்ல பிரிச்சுப் படிக்கிற பாத்தியதை உங்களுக்குத்தான்னு நான் நினைச்சுக்கிட்டிருக்கேன். வெறும் கடுதாசி மட்டும் இல்ல."

அவள் கடிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "அக்காவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"உனக்கு அளவு எடுக்கணும், சீக்கிரம் வரச் சொன்னா."

"அந்த மூட்டையை நான் பாத்துக்கறேன், போ படிப்பு" என்றார் முதலாளி.

பாத்தியதையை ஆபரேட்டர் அன்று எந்த ப போட்டுச் சொன்னார் என்று, விஷயத்தைக் கேட்ட பரபரப்பில் ஒலியைக் கவனிக்காமல் விட்ட மூட்டை தூக்குகிற பெண்கள் பிற்பாடு எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தார்கள். அவள் கடைசிவரை சொல்லவில்லை.

அவள் காலமாகி இப்போது ஒரு வருஷம் ஆகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாலும் சட்டைப் பையில் அந்தத் தாளை வைத்துக்கொள்ளாமல் அவர் வெளியே கிளம்புவதில்லை. தடவித் தடவிப் பாதிப் படம் தேய்ந்துவிட்டது. தக்காளி முழுக்கப் போய்விட்டது. கடைசி வரியில் அன்று வெறுமையாக விட்ட இடத்தில், கல்யாணமான வாரத்தில் அவள் அழுத்தி வரைந்தது மட்டும் இன்னும் விரலுக்குத் தெரிகிறது. பெரிய சக்கரம் வைத்த ஒரு பஸ், அதன் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பல்.